நான் போட்ட தேதி

மாலை ஏழு மணி பத்து நிமிடம். போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ஒரகடத்தில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது நான்கு போல்ட்டுகள். துருவேறிய நான்கு போல்ட்டுகள், அவற்றுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. நான் கேட்டிருந்தது சனிக்கிரகம். கையிலிருந்த ரிமோட்டின் சின்னத் திரையும் சனிக்கிரகம் என்றே எழுதிக் காட்டியது. ஆனால் குழாய் போய் நின்ற இடம் வாலாஜாபாத் சாலையோரத்துச் செல்போன் கோபுரம்.

மூன்றாவது வாரமாக இதே கதை. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த தொலைநோக்கி அது. மோட்டார் வைத்தது, தானே தேடிப் போகும் வகை. பெயரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கருவிக்குக் கண் கிடையாது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை முதலில் நாம் சொல்ல வேண்டும். பிறகு பளிச்சென்ற இரண்டு நட்சத்திரங்களை நாமே தேடி, வட்டத்தின் நடுவில் நிறுத்தி, இது இன்ன நட்சத்திரம் என்று அறிமுகப்படுத்த வேண்டும். அந்த இரண்டை வைத்து மீதி வானம் முழுவதையும் அது கணக்குப் போட்டுக்கொள்ளும். அறிமுகம் பிசகினால் எல்லாமே பிசகும்.

கீழே இருக்கும் வாட்ச்மேன் முதல் வாரமே கேட்டுவிட்டார். "இன்னா மேடம், பீரங்கி ஏத்தி வெச்சிகினு கீறீங்க. எந்த கம்பெனிய அடிக்கப் போறீங்க?" அவர் சொன்னதில் தப்பில்லை. நான்கு பக்கமும் தொழிற்சாலை விளக்குகள். வானத்தின் அடிப்பகுதி விடியும் வரை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதையும் மீறித் தெரிவது ஏழெட்டு நட்சத்திரங்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. "மேடம், துணி எடுத்துட்டுப் போயிருதேன். ரெண்டே நிமிசம்" என்று தயங்கியது ஓர் இளைஞனின் குரல்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடியிருப்பில் பாதிக்கு மேல் சொந்த வீட்டுக்காரர்கள். மேல் தளத்தில் மட்டும் நாலைந்து வீடுகளைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஆறு பேர், ஷிப்ட் மாற்றித் தூங்குவார்கள். ஆறு மணிக்கு மேல் பேச்சுலர்கள் மொட்டை மாடிக்கு வரக்கூடாது என்று லிஃப்ட்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்த அறிவிப்பில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தான். முப்பது வருடம் ஒரு பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலை பார்த்தவள் என்பதால், குடியிருப்பில் எது ஒட்டினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவார்கள்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொடியில் இருந்த நீலச் சட்டைகளை எடுத்து மடித்தார். போகவில்லை.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஸ்டாண்டு சாஞ்சுல்லா நிக்கு."

இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கம். கார் கதவுச் சட்டங்களைப் பற்றவைக்கும் ரோபோ கைகள் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தக் கைகளுக்கு எந்தப் புள்ளியில் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் இவர் தொழில். தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்க ரோபோவும் இதே மாரிதான் மேடம். அதுக்கும் கண்ணு கெடையாது. மொதல்ல அதுக்கு நேரா நிக்க இடம் குடுக்கணும். அப்பொறம் ரெண்டு மூணு பாயின்ட்ட சுத்தமா காட்டிக் குடுக்கணும். அதுல அரை மில்லி தப்புச்சுன்னா கதவே வேற எடத்துல போய் ஒட்டிக்கும்."

மறுநாள் ஞாயிறு, பகல் வெளிச்சத்திலேயே வந்தார். குழாயின் மேல் குறி பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கும், அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதுவும் குழாயும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். நான் அதை இருட்டில் நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தேன். அவர் அதே செல்போன் கோபுரத்தின் போல்ட்டை நடுவில் நிறுத்தி ஐந்து நிமிடத்தில் முடித்தார். "பகல்ல பாக்க வேண்டிய வேலைய ராத்திரி பாத்தா எப்படி மேடம்?" என்றார். நியாயமான கேள்வி. கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, ரசமட்டக் குமிழி நடுவில் வரும் வரை விடவில்லை.

ஆறு மணிக்கு மேலாகியும், நான் கூட இருந்ததால் யாரும் அவரைக் கேட்கவில்லை. மாலை நட்சத்திரங்கள் வந்ததும் இன்னொன்று சொன்னார். நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் மேலேயும் வலப்புறமாகவும்தான் இருக்க வேண்டுமாம். "பல்சக்கரத்துக்குள்ள கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா வந்து நின்னா அந்த ஆட்டம் செத்துப் போவும்." இது கருவியோடு வந்த புத்தகத்தின் நாற்பதாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். அவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை.

ரிமோட் தேதி கேட்டது. நான் இருபத்தொன்று என்று ஆரம்பித்தேன். அது கீச்சென்று கத்தி ஏற்க மறுத்தது.

"மாசத்த மொதல்ல கேக்குது மேடம். அமெரிக்கா மெஷின்லா. எங்க லைன்லயும் ஒண்ணு இப்படி இருக்கு. அதுல 'மாசம் முதலில்'னு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கோம். ஆளு மாறிக்கிட்டே இருப்பாங்கல்லா, யாரு ஞாபகத்தையும் நம்ப முடியாது. இதுக்கும் ஒண்ணு ஒட்டிரட்டுமா?"

மகன் கொடுத்த புதுப் பொருள். அதில் ஸ்டிக்கர் எதற்கு என்று தோன்றியது. "வேண்டாம் தம்பி, நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்" என்றேன். தேதி, பெயர், ஊர் இந்த மூன்றும் தப்பக்கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம். அதை ஒருவர் எனக்கு ஒட்டிக் காட்ட வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை இருபத்தேழாம் தேதி. திரும்பவும் நாளை முதலில் போட்டேன். திரும்பவும் கீச்சென்றது. அவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்று ஏழே முக்காலுக்கு, பி பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சனிக்கிரகம் ஏறி வந்ததும், பொத்தானை அழுத்தினோம். மோட்டார் முனகிக்கொண்டே போய் நின்றது. வட்டத்தின் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை, அதன் குறுக்கே கோடு கிழித்த மாதிரி வளையம். அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "டாலரன்ஸ் நல்லா இருக்கு மேடம்" என்றார். பிழை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று பொருள். அவர் தொழிலில் அதுதான் பெரிய பாராட்டு.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் பூஜை முடித்துவிட்டு வந்தவர், என்னிடம் கேட்டுவிட்டு, தொலைநோக்கியின் மூன்று கால்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு பத்து நாள் மேகமும் மழையும். அந்த நாட்களில்தான் டீ குடித்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார்.

அவர் டிரெய்னி. மூன்று வருடமாக டிரெய்னி. அவரையும் சேர்த்து அந்த லைனில் டிரெய்னிகள் மொத்தம் ஏழு பேர். தீபாவளிக்கு முன் ஏழில் இரண்டு பேரைப் பர்மனென்ட் செய்வார்கள். மற்ற ஐந்து பேரின் கேட் பாஸ் மாதக் கடைசியோடு முடியும். அவர் கட்டிக்கொள்ள நினைத்த பெண் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தையில் முடித்திருந்தார், பர்மனென்ட் ஆர்டரோடு வா என்று.

பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தத் தொழிற்சாலையின் ஜி.எம். அவர் எங்கள் குடியிருப்பில்தான், சி பிளாக் நான்காவது மாடியில் இருந்தார்.

"ஒரே கேட்டு வழியாத்தான் மேடம் ரெண்டு பேரும் போறோம் வாறோம்" என்றார். "ஆனா அவருக்கு என் மூஞ்சி தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவுல நாலு பேரு இருக்காங்க. ரவுண்ட்ஸ் வந்தாருன்னா நாங்க தலையத் தூக்கிப் பாக்க முடியாது. அவருக்கு நான் ஒரு ஹெல்மெட்டு. நீலக் கலர் ஹெல்மெட்டு."

அதே வாரம் குடியிருப்போர் சங்கத்தில், பிள்ளைகளுக்குச் சனிக்கிரகம் காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை என்று முடிவானது. ஜி.எம். குடும்பத்தோடு வருவதாகச் செயலாளர் சொன்னார். எனக்கு உடனே அந்த யோசனை வந்தது. காட்டுவது நான் இல்லை, இந்தத் தம்பி. மோட்டார் சுற்றும், குழாய் தானே திரும்பும், வளையம் தெரியும். ஐந்து நிமிடமாவது ஜி.எம். அவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், என்ன வேலை, எந்த லைன் என்று கேட்பார். செயலாளரிடம் பேசி, ஒரு நாளைக்கு மட்டும் அவர் மாடிக்கு வர அனுமதி வாங்கினேன். ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம் எனக்கு நிறையவே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"நெசமாவா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். ஆறு மணிக்கே வந்து எல்லாம் தயார் செய்வதாகச் சொன்னார்.

ஞாயிறன்று அவருக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு போன் வந்தது. கம்பெனி பஸ் கிளம்பவில்லை, ஏழு ஆகிவிடும் என்றார். குரலில் பதற்றம். "அதனால என்ன, நான் செட் பண்ணி வைக்கிறேன். நீங்க குளிச்சிட்டு நேரா வாங்க" என்றேன்.

மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. ரசமட்டம் பார்த்தேன். ஊரைப் போட்டேன். நேரத்தைப் போட்டேன். தேதியைப் போட்டேன். ரிமோட் கத்தவில்லை. இரண்டு நட்சத்திரம் கேட்டது. வடமேற்கே அபிஜித், தலைக்கு மேலே திருவோணம் இரண்டையும் நடுவில் நிறுத்தினேன், கடைசி அசைவு மேலே, வலப்புறம். வெற்றி என்று திரையில் வந்தது. சோதித்துப் பார்க்க வேறொரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தேன். நடுவில் வந்து நின்றது. திரும்பவும் அபிஜித். நடுவில். சனிக்கிரகத்தை மட்டும் சோதிக்கவில்லை, அது அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது.

ஏழு மணிக்கு அவர் வந்தார். தலை ஈரம் காயவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். ஏழு இருபதுக்கு ஜி.எம். மனைவியோடும் பத்து வயது மகளோடும் வந்தார். நான் அறிமுகம் செய்தேன். "உங்க கம்பெனிதான் சார். இவர்தான் எனக்கு இதெல்லாம் கத்துக் கொடுத்தவர்."

"அப்படியா? வெரி குட்" என்றார் ஜி.எம்.

தம்பி பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது. குழாய் கிழக்கே திரும்பி, உயர்ந்து, நின்றது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு குழாயின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டி வானத்தைப் பார்த்தார். குழாய் பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தது. நானும் பார்த்தேன்.

என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "மேடம், தேதி, டைமெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. நான்தான் போட்டேன்."

"இல்ல, மாசம் மொதல்ல..."

"தம்பி, நான் போட்டேன்னு சொல்றேன்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன். ஜி.எம். இரண்டடி தூரத்தில் நின்றார்.

தம்பி அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்திக் குழாயை அந்த மஞ்சள் புள்ளியின் பக்கம் நகர்த்த ஆரம்பித்தார். நான் தடுத்தேன். "கையால நகர்த்தாதீங்க. அலைன்மென்ட் போயிடும். மெஷின் கணக்கு சரியாத்தான் இருக்கும், நல்லாப் பாருங்க." அவர் விரலை எடுத்துவிட்டார். இன்னும் பத்து விநாடி விட்டிருந்தால் போதும். இப்போது தெரியும்.

ஜி.எம்.மின் மகள் முதலில் பார்த்தாள். "அப்பா, ஒண்ணுமே தெரியல. கறுப்பா இருக்கு." ஜி.எம். குனிந்தார். "ஆமா, கறுப்பாத்தான் இருக்கு." பின்னால் யாரோ, மூடியைக் கழற்றியாச்சா என்று கேட்டார்கள். அவர், "ஒரு நிமிசம் சார், ஒரு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார், குவியத்தைத் திருகினார், பெயரை மறுபடி கொடுத்தார். கருவி ஒவ்வொரு முறையும் அதே இருட்டுக்குத் திரும்பிப் போய் நின்றது. இஸ்திரிச் சட்டையின் முதுகு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் இப்படி. பிறகு கிழக்கேயிருந்து மேகம் வந்து மஞ்சள் புள்ளியையும் மூடியது.

ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க எந்த லைன் தம்பி?"

"டோர் ஃப்ரேம் சார். ரோபோ மெயின்டனன்ஸ்."

"ஓ. அங்கேயும் இப்படித்தான் பாயின்ட் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்ன வேடிக்கைப் பேச்சு. மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

எல்லோரும் இறங்கிப் போனபின் நாங்கள் இருவரும் கருவியை மூட்டை கட்டினோம். மின்சாரத்தை நிறுத்தும் முன் அவர் ரிமோட்டில் ஏதோ அழுத்தினார். திரையில் சிவப்பு எழுத்தில் தேதி வந்தது. டிசம்பர் 10.

நான் பன்னிரண்டு, பத்து என்று போட்டிருக்கிறேன். செப்டம்பரில் இருபதுக்கு மேல் போன தேதிகளை அது மாதமாக ஏற்கவில்லை, அதனால் கத்தியது. பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று இருக்கிறது. அதனால் கத்தவில்லை. நட்சத்திரங்களும் காட்டிக்கொடுக்கவில்லை. எந்த மாதமானாலும் அபிஜித்துக்கும் திருவோணத்துக்கும் நடுவில் அதே தூரம்தான், அந்த இரண்டைக் கொண்டே கருவி மீதி நட்சத்திரங்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. கிரகம் அப்படியில்லை, நகரும். இரண்டு மாதம் கழித்துச் சனிக்கிரகம் எங்கே இருக்குமோ, அங்கே அது ஒழுங்காகப் போய் நின்றிருக்கிறது. நான்கு முழு நிலவின் அகலம், அவ்வளவுதான் தள்ளி.

ஒரு வரியைப் படிக்க ஆகும் நேரத்துக்கு அவர் அதைப் பார்த்தார். பக்கத்தில் நின்று நானும் படித்தேன். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்.

"பனி விழுது மேடம். உள்ள வச்சிருவோம்" என்றார்.

அப்போதே நான் பேசியிருக்கலாம். சி பிளாக்குக்கு நடந்து போக இரண்டு நிமிடம். போன் நம்பர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இருந்தது. நான் போட்ட தேதி தப்பு, அந்தத் தம்பி கேட்டார், நான் காது கொடுக்கவில்லை என்று மூன்று வாக்கியம். திங்கட்கிழமை அதை எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், அழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையை யார் மனதில் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அது இல்லை. லிஃப்ட்டில் ஒட்டும் காகிதத்தைக்கூட என்னிடம் காட்டிவிட்டு ஒட்டும் அந்த முப்பது பேருக்கு, நானே தேதியில் பிழை விட்டது தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கிளப் ஹவுஸ் லிஃப்ட்டில் ஜி.எம்.மும் நானும் மட்டும் இருந்தோம். "என்ன மேடம், உங்க ஆளு அந்த டெலஸ்கோப்பை சரி பண்ணிட்டாரா?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. கேள்வியை அவரே கேட்டுவிட்டார், நான் பதில் சொன்னால் போதும்.

"பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். கதவு திறந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனியில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர். தம்பியின் பெயர் இல்லை. எனக்கு இதை வாட்ச்மேன்தான் சொன்னார். "மேல் வூட்டுல ரெண்டு பேருக்கு ஆர்டர் வந்துகீது மேடம். உங்க பீரங்கிக்காரருக்கு இல்லியாம்."

தீபாவளி கழித்து ஒரு மாலை அவர் சொல்லிக்கொள்ள வந்தார். ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து ஓசூர் பக்கம் வேலை தேடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். நாற்காலியில் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். நான் தொடங்கினேன். "தம்பி, அன்னைக்கு அந்தத் தேதி..."

"தெரியும் மேடம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"கேட்டேன்லா மேடம். ரெண்டு தடவ கேட்டேன்." குரல் உயரவில்லை. "அதுக்கு மேல அத்தனை பேருக்கு முன்னால என்னன்னு சொல்லச் சொல்லுதீங்க? உங்க சாமான். நீங்க வாங்கிக் குடுத்த பெர்மிஷன்ல நிக்கேன்."

பிறகு அவரே, "லிஸ்ட்டு அதுக்கு முன்னாடியே ரெடியாகியிருக்கும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நம்பித்தான் சொன்னாரா, என்னை விட்டுச் சீக்கிரம் கிளம்புவதற்காகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ரிமோட்டுல அந்த ஸ்டிக்கர ஒட்டிக்கிடுங்க மேடம்."

இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு மின்விசிறி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

உண்மையைச் சொல்ல டிசம்பர் வரை எடுத்துக்கொண்டேன். ஒரு காலை, வண்டி நிறுத்தும் இடத்தில் ஜி.எம். காரைத் துடைக்கச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். நேராகப் போய்ச் சொன்னேன். அன்று தேதியைத் தப்பாகப் போட்டது நான், அந்தத் தம்பி சரியாகத்தான் கேட்டார், சரிசெய்யவும் போனார், நான்தான் விடவில்லை, பிறகு லிஃப்ட்டில் நீங்கள் கேட்டபோதும் மறைத்தேன் என்று ஒன்று விடாமல், வரிசையாக. இரண்டு மாதமாக மனதில் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள். தடங்கல் இல்லாமல் வந்தன.

ஜி.எம். பொறுமையாகக் கேட்டார். அவர் முகத்தில் மரியாதை இருந்தது, கூடவே ஒரு சின்னக் குழப்பம்.

"சாரி மேடம்" என்றார். "நீங்க எந்தப் பையனைச் சொல்றீங்க?"

பெயரைச் சொன்னேன். லைனைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை.